அந்தப் பெட்டியில்தான் மேரி பேசுவாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் நல்ல பாட்டுப்பெட்டி வேண்டுமென்றால் ராஜ வீதியில் பாலசந்திரன் கடைக்குத்தான் போக வேண்டும். ரேடியோ விற்கிற கடைகள் ஊரில் நான்கைந்து இருந்தன. அங்கெல்லாம் இஸ்திரிப்பெட்டியும் தொங்கும், டார்ச் லைட்டும் தொங்கும். பாலசந்திரன் கடையில் கிராமபோன், ரேடியோகிராம், டேப் ரிக்கார்டர் தவிர ஒரு குண்டூசி கிடைக்காது. உள்ளே கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு பாட்டை முழுக்கக் கேட்க வைத்த பிறகுதான் விலை சொல்வார். சொல்கிற விலையோ ஆனை விலை, குதிரை விலை. "கம்பளத்துல கால வெச்சதுக்கும் சேத்து வாங்கிடுவாருப்பா" என்று ஊர் கேலி பேசும். பேசிவிட்டு அங்கேயே போய் வாங்கும். காசு கூடப் போனாலும் ஏமாற மாட்டோம் என்று அதற்கு ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் ஐயம்பேட்டை முனிரத்தினமும் போனார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை அவருக்கு. மனைவி மரியம்மாள். ஒரே மகள் மேரி. சிறு வயதில் வந்த காய்ச்சல் மேரியின் இருதயத்தைக் கெடுத்துவிட்டது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் மாதா கோயிலில் பாட எழுந்து நின்றால் அந்த மூச்சு எங்கிருந்துதான் வருமோ தெரியாது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பெற்றவர்களைத் தனியே அழைத்து, அதிக நாள் தாங்காது என்று சொல்லியிருந்தார். மேரிக்கு அது தெரியாது. "என் கொரலு வெளிய எப்படி இருக்குதுன்னு ஒரே ஒரு தபா கேக்கணும்பா" என்றாள் ஒரு நாள். கூரைக்கு ஓடு போடச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு முனிரத்தினம் பஸ் ஏறிவிட்டார்.

பாலசந்திரன் திருப்பருத்திக்குன்றத்துக்காரர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. முதலில் ஒரு சின்னப் பெட்டியைத்தான் எடுத்து வைத்தார்.

"இது புத்தம் புதுசுப்பா. சின்னதா இருக்குதேன்னு பாக்காத. நல்லா பதியும்."

முனிரத்தினம் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இன்னா முதலாளி, சோப்பு டப்பா கணக்கா இருக்குது! அதோ, அத்த எடுங்க."

அவர் காட்டியது தேக்குப் பெட்டிக்குள் பெரிய சக்கரம் இரண்டு சுற்றுகிற டேப் ரிக்கார்டர். இரண்டு கையும் போட்டுத் தூக்கினார். தோள் இறங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவர் பிழைப்பு அப்படி. நூல் எடை போட்டுத்தான் வரும், எடை போட்டுத்தான் திரும்பும். எடை குறைந்தால் திருட்டு, எடை நின்றால் நாணயம். பட்டுச் சேலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து விலை மதிக்கிற ஊரில் பிறந்த மனிதன், பாடுகிற பெட்டியையும் அப்படித்தான் மதிப்பான். கனத்துக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பாலசந்திரனுக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அந்தப் பெட்டி பட்டணத்தில் யாரோ பல காலம் ஓட்டிக் களைத்துப் போட்டது, மேலே பாலிஷ் மட்டும்தான் புதுசு என்பதும் தெரியும். "அதுவும் நல்ல பெட்டிதான்" என்று சொல்லிப் புதுப் பெட்டியின் விலையை வாங்கிக்கொண்டார். வாய் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டும் ஏமாற்றலாம், வியாபாரத்தில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேரி பாடினாள். இரண்டாவது பாட்டு முடிகிற நேரம் மரியம்மாள் கை தவறித் தட்டைக் கீழே போட்டாள். மேரி சிரித்துவிட்டாள். "அம்மா, நீயும் உள்ள பூந்துட்டியா! அப்பா, போதும், நிறுத்துப்பா." எல்லாம் அப்படியே பதிந்துவிட்டது. திரும்ப ஓட்டிக் கேட்டபோது மேரி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயே, நானா இது!" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் எந்தப் பணக்காரன் வீட்டிலும் இருந்திருக்காது.

அந்த மழைக்காலத்திலேயே மேரி போய்விட்டாள். பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி மட்டும் பாடியது. புருஷனும் பெண்சாதியும் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். "நிறுத்துப்பா" என்று மேரி சொல்லும்போது, "இதோ நிறுத்திடுவாரும்மா" என்று மரியம்மாள் பதில் சொல்வாள். அந்த ஒரு பதிலுக்காகவே அவள் வாரம் முழுதும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் ஓடிய பெட்டி ஒரு நாள் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. முனிரத்தினம் அதைக் கடைக்குத் தூக்கிப் போனார். கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த மெக்கானிக் சிட்டிபாபு திறந்து பார்த்துவிட்டு, "இத்தப் புதுசுன்னா வாங்கினீங்க அண்ணே?" என்று கேட்டுவிட்டான். முனிரத்தினம் பாலசந்திரனைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். சண்டை போட முனிரத்தினத்துக்குத் தெம்பில்லை. மேரி போய்விட்டதையும், இந்த டேப் ஒன்றுதான் மிச்சம் என்பதையும் சொன்னார்.

பாலசந்திரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தப்புதான் முனிரத்தினம். காசு வேணாம். புது மோட்டார் போட்டுத் தரேன், எடுத்துக்கினு போ" என்றார். மனதாரத்தான் சொன்னார். சொன்னபடி இரண்டு நாளில் செய்தும் கொடுத்தார்.

வீட்டில் பெட்டியைப் போட்டதும், யாரோ ஒரு சின்னப் பெண் கீச்சுக் குரலில் அவசர அவசரமாகப் பாடினாள். தட்டு விழுந்தது. அந்தப் பெண் சிரித்தாள்.

மரியம்மாள் கேட்டாள், "யாரு பொண்ணுங்க இது?"

மறுநாள் விடிந்ததும் முனிரத்தினம் கடை வாசலில் நின்றார். சிட்டிபாபு மெதுவாக விளக்கினான். "பழைய மோட்டாரு மெதுவா ஓடிக்கினு இருந்துதுண்ணே. மெதுவா ஓடறப்போ பதிஞ்சது, மெதுவா ஓடினாத்தான் சரியா கேக்கும். இப்ப மோட்டாரு சரியா ஓடுது. அதான் கொரலு மாறிடிச்சு."

"அப்ப அந்தப் பழசையே போட்டுடுப்பா. ஏமாத்தின மோட்டாரா இருந்தா இருந்துட்டுப் போவுது."

"அத்தப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கினு பூட்டாண்ணே."

என்ன அநியாயம் பாருங்கள். பாலசந்திரன் ஏமாற்றி விற்ற பெட்டி இரண்டு வருஷம் மகளைக் கொடுத்தது. மனம் திருந்தி இனாமாகச் செய்த வேலை ஒரே நாளில் அவளைப் பறித்துக்கொண்டது.

சிட்டிபாபு விடவில்லை. முனை மெலிந்தால் டேப் மெதுவாக ஓடும் என்று, மோட்டார் முனையை அரத்தால் துளி தேய்ப்பான், டேப்பை ஓட விடுவான், "இதுவாண்ணே?" என்பான். முனிரத்தினம் இல்லை என்று தலையாட்டுவார். மறுபடி தேய்ப்பான். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. "இதுவா?" இது மேரியா? இதற்கு முந்தையதா? யாராவது பழஞ்சேலையைக் கொண்டுவந்து இதே அரக்கு வேண்டும் என்றால், ஒரு முறை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அச்சாக அதே சாயத்தை இறக்குகிறவர் அவர். பெற்ற மகளின் குரல் எது என்று தெரியவில்லை. கேட்ட ஒவ்வொன்றும் முன்னால் கேட்டதை அழித்துக்கொண்டே போயிற்று. எதிரே பாலசந்திரன் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இதுதாம்பா" என்றார் முனிரத்தினம். எதிரே நின்ற அந்த இருவரையாவது விட்டுவிட வேண்டுமென்று அப்படிச் சொன்னார்.

வீட்டில் மரியம்மாள் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, தட்டு விழுந்தது, சிரிப்பு வந்தது. "அப்பா, போதும், நிறுத்துப்பா." மரியம்மாள் பதில் சொல்லவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேரி மாதிரியே இருக்குதுங்க" என்றாள்.

மேரிதான் என்று சொல்லவில்லை. பெற்றவள் மகளைப் பற்றிச் சொல்கிற வார்த்தையா அது? முனிரத்தினம் எழுந்து பெட்டியை நிறுத்தினார். பிறகு சுவரோடு சாய்ந்துகொண்டு, மகள் இறந்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதார்.