தர்ஷினியின் முட்டியும் கிள்ளான் ரயிலும்

எட்டு மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. எங்கே ஊர் சுற்றுகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிள்ளானுக்கும் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கும் நடுவேதான் சுற்றிக்கொண்டிருந்தோம். பதினொரு வயது மகள் தர்ஷினிக்கு இடது முட்டிக்கு மேலே வீக்கம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வாங்கப் போன அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதே பாதையில் பிள்ளையோடு போகவேண்டிய யாருக்காவது உதவட்டும்.

காலை 6.40க்கு கிள்ளான் நிலையத்தில் ரயில் ஏறினோம். பெரியவர்களுக்கு நான்கு ரிங்கிட் சொச்சம். உட்கார இடம் கிடைத்தது, ஆனால் காலை நீட்ட இடமில்லை. என் மனைவி சுமதி தர்ஷினியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும்போது மணி 7.55. மின்தூக்கி நடைமேடையின் அந்தக் கோடியில் இருக்கிறது, ஊன்றுகோலோடு போகிறவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் ஓட்டிய அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பந்து விளையாடி விழுந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளி வலைப்பந்துக் குழுவில் இருந்தாள், விழவும் செய்தாள், அதனால் முழுப் பொய்யில்லை.

"கம்போங் மேடான்ல ஒருத்தர் இருக்காரு பாஸ். ரெண்டு தடவ நீவி விட்டா போதும், பிள்ள ஓடும்."

நம்பரைக் கொடுத்தார். முடிவு வாங்கப் போகிற வழியில்கூட அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

டாக்டர் தமிழ்ப் பெண்மணி. தர்ஷினியை வெளியே அனுப்பட்டுமா என்று சுமதி கேட்டதற்கு, கால் அவளுடையது, அவளுக்கும் தெரியட்டும் என்றார். எலும்பில் புற்றுநோய். பிள்ளைகள் வளரும் வயதில், முட்டிக்குப் பக்கத்தில் வருகிற வகை. முதலில் மருந்து ஏற்றுவார்கள், பிறகு அறுவை சிகிச்சை. கட்டி சதைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து, எலும்பை மட்டும் எடுத்து உலோகம் வைக்கலாம், அல்லது காலையே எடுக்கவேண்டி வரலாம். இதைச் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"வீங்கின இடத்துல யாராவது நீவி விட்டாங்களா? ஊருட் மசாஜ், சுளுக்கு எடுக்குறது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இல்லை என்றேன். சுமதி தரையைப் பார்த்தாள். நாங்கள் ஆறு முறை போயிருந்தோம், கிள்ளானிலேயே, சுளுக்கு எடுக்கிற ஓர் ஆளிடம்.

வெளியே வரும்போது மணி 11.20. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து வாழையிலைச் சாப்பாடு சொன்னோம். மூன்று பேரும் பிசைந்துகொண்டே இருந்தோம். ரசம் ஊற்றவந்தவரிடம் வேண்டாம் என்று தலையாட்டிய தர்ஷினி, என் பக்கம் குனிந்தாள்.

"நானும் சொல்லலப்பா. சொன்னா டாக்டர் உங்கள ஏசுவாங்க லா."

அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எழுத முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு, இருவரையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கே திரும்பினேன். ஒன்றரை மணிநேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை முறை, எவ்வளவு அழுத்தி, எந்த எண்ணெய். அவர் ஏசவில்லை. எழுதிக்கொண்டார். தொடை முழுவதையும் மறுபடி படம் எடுக்கச் சொன்னார்.

சதைக்குள் பரவியிருந்தது. மருந்து முடிந்தபின் காலைத் தொடையோடு எடுத்தார்கள். நீவியதால்தானா என்று கேட்டேன். நீவுவது நல்லதல்ல, ஆனால் அதனால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது ஆறுதலாக இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஏழு மணிக்கு முந்தின ரயிலைப் பிடியுங்கள், அதற்குப் பிறகு உட்கார இடமிருக்காது. சக்கர நாற்காலி வாசலிலேயே கிடைக்கும், கேளுங்கள். குளிருக்குத் துண்டு, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம் எடுத்துப்போங்கள். விழுந்த வலி இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால், வீக்கம் கெட்டியாக இருந்தால், யாரையும் தொடவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் புது டாக்டர் யார் வந்து கேட்டாலும் தர்ஷினியே முந்திக்கொள்கிறாள். ஆறு தடவை நீவி விட்டார்கள், அது கெடுதல் என்று அப்பாவுக்குத் தெரியாது என்கிறாள்.

தெரியாது என்பது முதல் நான்கு முறைக்குத்தான் பொருந்தும். நான்காவது முறை வீட்டுக்கு வந்ததும் வீக்கம் பெரிதாகியிருந்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன். இனி வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, இன்னும் இரண்டு முறை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.