ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

யுத்தம் முடிந்த சமயம். பெங்களூரில் வேலை பார்த்த என் கணவர், ஒரு துரை வீட்டிலிருந்து உள்ளங்கையளவு சடை நாய்க்குட்டியை வாங்கிவந்து, கம்பைநல்லூரில் பிறந்த வீட்டில் இருந்த என்னிடம் விட்டுப் போனார்.

அந்த வருஷம் ஊரில் வெறிநாய்த் தொந்தரவு. தருமபுரி மாட்டாஸ்பத்திரியில் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதாகக் கேள்விப்பட்டு, அண்ணனை வண்டி கட்டச் சொன்னேன். கிளம்புவதற்கு முதல் நாளே குட்டிக்குக் கழிச்சல் கண்டது; பாலும் குடிக்கவில்லை. "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ பேசாம வா" என்றார் அண்ணன்.

டாக்டர் குட்டியைத் தூக்கிப் பார்த்தார். "சின்ன ஜாதி. உடம்பு சரியில்லன்னா ஊசி தாங்காது, தேறின பிறகு போடலாம். நல்லா திங்குதுங்களா?"

"நல்லா திங்குதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஊசி இறங்கியபோது குட்டி என் விரலைக் கவ்விக்கொண்டது, கடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அது செத்துப்போனது. "ஏண்ணா பொய் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"வூட்டு வேலையப் போட்டுட்டு, ஒரு நாயிக்காக இன்னொருக்கா வண்டி கட்டச் சொல்றியா?" என்றார். அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் தருமபுரி போனபோது டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அண்ணன் என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "நீங்களும் பக்கத்துலதானேம்மா நின்னுட்டிருந்தீங்க?"

வீடு திரும்பியதும் நானே போய் அண்ணனிடம் பேசினேன். கோபம் தீர்ந்துவிடவில்லை. அதில் பாதி என்மேல்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.