தவிட்டுக்கு வாங்காத பேத்தி

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று காரைக்காலில் என் டிராக்டர் பட்டறையைத் தெரியாத விவசாயி இல்லை. சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். எனக்கு மேல் ஒருவன் இருந்தால் வரச்சொல்லுங்கள். ஆனால் என் பேத்தியின் ஓட்டம் எனக்கே பிடிபடவில்லை.

விழிதியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பெண் அவள். ஏழு வயது. சோற்றில் கை வைத்தவள் அடுத்த நொடி தெருவில் நிற்பாள். டாக்டரம்மா ஏடிஹெச்டி, பிள்ளையை ஓரிடத்தில் இருக்கவிடாத கோளாறு என்று சொல்லி மருந்து எழுதினார்.

"வேணும்னு செய்யல, அடிக்காதீங்க. கூட்டத்துல மட்டும் கண்ண எடுத்துடாதீங்க."

மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறித்தான் தூங்குவார்கள். ஞாயிறானால் பிள்ளையை நான் தூக்கிவந்துவிடுவேன், அவர்கள் கண்ணயரட்டும் என்று.

சம்பந்தியம்மாவுக்கு மருந்து பிடிக்கவில்லை. பிள்ளை அடங்க வேண்டுமானால் அம்பகரத்தூர் அம்மனுக்கு விற்றுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்க வேண்டும் என்றார். பெற்றவர்கள் சன்னிதி முன்னே பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, வாசல் தாண்டும்வரை திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். தவிடு கொடுத்து வாங்குவது தாய்வழித் தாத்தா.

"அவ உக்காரமாட்டா அத்த," என்றாள் மகள்.

"ஊரு வண்டியெல்லாம் பட்டறையில நிறுத்துற அண்ணன், ஒரு பொட்டப்புள்ளய நிறுத்தமாட்டாராக்கும்?"

"நான் நிக்கிறேன்மா, நீ போ," என்றேன்.

வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். மகளும் மாப்பிள்ளையும் முதுகைக் காட்டி நடந்தார்கள். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முறத்தில் தவிட்டைக் கொட்டக் குனிந்து நிமிர்ந்தேன். அவள் இருந்த இடத்தில் யாருமில்லை. மேலே மணிக்கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கத்தினால் மகள் திரும்புவாள். திரும்பினால் சடங்கு கெடும். ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் ஹாரன் விடாமல் அலறியது.

யாரும் கூப்பிடாமலே மகள் திரும்பினாள். காலியிடத்தைப் பார்த்த வேகத்தில் ரோட்டுக்கு ஓடினாள். நான் போய்ச் சேரும்போது பஸ் நின்றிருந்தது. பிள்ளையின் கவுன் மகளின் பிடியில் கிழிந்திருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. டிரைவர்தான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா பிள்ளையைத் தொடவே இல்லை.

"திரும்பிட்டியேடி! வித்தாச்சு, வாங்கல. இப்ப இது நம்ம புள்ள இல்ல. அடுத்த வெள்ளி மறுபடி சன்னிதியில உக்கார வைக்கணும்."

"எம் பேத்திய எவகிட்டயும் விக்க வேணாம். வண்டில ஏறும்மா," என்றேன்.

மகளும் பேத்தியும் இப்போது என் வீட்டில். மாப்பிள்ளை வேலை முடிந்து இங்கேதான் வருகிறார். தவிடு சலித்து வைத்திருப்பதாகக் காலையில் சம்பந்தியம்மாவின் போன். நாளை வெள்ளி.

வாசல் கதவின் உச்சியில் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை என் கையாலேயே முடுக்கினேன். பேத்தி அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, கூடத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.