அஞ்சு ஓட்டு எங்கே?

கோடு போடும்போது தாளை அட்ராக்டா லாவின் பார்க்கவே மாட்டாள். இடது முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்வாள். வலது கையில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். கண் முழுக்க எதிரே இருப்பதன் மேல். நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். அந்த ஐந்தாவதுக்கு மட்டும் கீழுதடு லேசாகப் பிதுங்கும். சாவுக்கு வந்த கார்களை ரொட்டி உறையின் பின்பக்கம் இப்படித்தான் எண்ணுவாள். "நூத்திப் பதினாலு காரு. இந்த மனுஷன் உயிரோட இருந்து தேர்தல்ல நின்னிருந்தா ஜெயிச்சிருப்பான்" என்று கல்லறையிலேயே சொல்லுவாள்.

வயது அறுபத்தொன்று. க்ளூன்பெக் என்ற சின்ன ஊரின் மினிபஸ்ஸை ஓட்டுகிறாள். கட்சி என்று எதுவும் கிடையாது. ஆனால் முப்பது வருடமாக எந்தத் தேர்தல் என்றாலும் எண்ணும் மண்டபத்தில் கம்பித் தடுப்புக்கு வெளியே அவள் நிற்பாள். வாக்காளர்கள் விருப்ப வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட சீட்டுகளை ஊழியர்கள் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரிக்கும்போதே, ஒன்று என்ற எண் யார் பெயருக்கு நேரே விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துக் குறித்துவிடுவாள். அந்தந்த வருடம் யாரைப் பிடிக்கிறதோ அவர்களுக்காக நிற்பாள். அவர்கள் பெரும்பாலும் தோற்பவர்கள்.

இந்த ஜூனில் அவளுக்குப் பிடித்திருந்தது சோர்கா ஃபீஹிலியை.

சோர்காவுக்கு முப்பத்தாறு. முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவன் டோனாக்குடனும் இரண்டு பெண்பிள்ளைகளுடனும் மாமியார் வீட்டுக் கொல்லையில் சக்கரம் வைத்த ஒரு கேரவன் வீட்டில் நாலாவது வருடமாக வாழ்கிறாள். க்ளூன்பெக் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பதினெட்டு. வாடகைக்கு ஒன்றுகூட இல்லை. அந்தப் பூட்டுகளைத் திறக்கவைப்பேன் என்றுதான் சுயேச்சையாகக் கவுண்டி கவுன்சில் என்ற மாவட்ட மன்றத்துக்கு நின்றாள். பெர்த்தில் டோனாக்கின் அண்ணன் இருந்தான். விசா வந்துவிட்டது. தோற்றால் ஆகஸ்டில் ஆஸ்திரேலியா. ஜெயித்தால் இங்கேயே. கேரவன் மேசையில் இருவரும் கைகுலுக்கி முடிவு செய்த விஷயம் அது.

சனிக்கிழமை காலை பெட்டிகள் திறந்தபோது மண்டபம் மாட்டுச்சந்தை மாதிரி இரைந்தது. அட்ராக்டாவுக்குப் பக்கத்தில் இக்னேஷியஸ் காலெரி வந்து நின்றான். பதினைந்து வருடமாகக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் கோல்மன் டார்பியின் ஆள். எதிரி முகாம்தான். ஆனால் தடுப்பருகே யாருக்கும் முகாம் கிடையாது. பாதிப் பெட்டிகளை ஒருவர் வாசிக்க மற்றவர் குறிக்க வேண்டும், மறுபாதிக்கு வேலை மாறும். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. அங்கே பொய் சொன்னவனை அதற்குப் பிறகு ஒருவரும் தடுப்பருகே சேர்ப்பதில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுய்யா. உன் தொப்பை ரெண்டு வேட்பாளரை மறைக்குது."

"அவங்க ரெண்டு பேரும் தேறமாட்டாங்க, விடு. ஃபீஹிலி... ஹெஷன்... ஃபீஹிலி... ஃபீஹிலி... ஏய், இது என்ன உன் சொந்தக்காரங்க பெட்டியா?"

சோர்காவால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஃபீஹிலி என்று கேட்கும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்தாள். மாலையில் கூட்டிப் பார்த்தார்கள். அட்ராக்டாவின் தாளில் எண்ணூற்று அறுபத்தொன்பது. ஞாயிறு காலை முதல் சுற்று முடிவாக ஒலிபெருக்கி சொன்னது எண்ணூற்று அறுபத்து நான்கு.

"அஞ்சு ஓட்டு எங்க போச்சு?" என்றாள் அட்ராக்டா.

"போகட்டும்கா! எண்ணூத்தி அறுபத்தி நாலு பேரு எனக்குப் போட்டிருக்காங்க! அஞ்சா இப்ப பெருசு?"

"நான் ஒரு ஓட்டைப் பார்க்காம விடுவேன்டி. ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டா ஒண்ணு போயிடும். ஆனா இல்லாத ஓட்டைப் பார்த்ததில்ல. என் கணக்கு குறையும். கூடாது."

அந்தத் தொகுதிக்குக் கவுன்சிலில் பல இடங்கள்; எல்லாம் நிரம்பும் வரை சுற்றுக்குச் சுற்று கடைசியில் இருப்பவர் வெளியேற, அவருடைய சீட்டுகள் அவற்றில் இரண்டு என்று குறித்திருந்த பெயர்களுக்குப் பிரிந்து போயின. வெளியேறிய குதிரைப் பண்ணைக்காரரின் ஓட்டில் நாற்பது சோர்காவுக்கு வந்தது. டோனாக் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்தினான். பள்ளிக்கூட வாத்தியாரின் ஓட்டு டார்பிக்குப் போனது. எவரும் கத்தவில்லை. திங்கள் மதியம் பதினோராவது சுற்று முடிந்தபோது ஒரே ஒரு இடம் மிச்சம், இரண்டு பேர் மிச்சம். டார்பி மூன்று ஓட்டு முன்னால்.

மூன்று! சோர்காவின் மூத்த மகள் விரலை மடக்கிப் பார்த்தாள். டோனாக் மனைவியின் கையைப் பிடித்தான். அந்தப் பிடியிலேயே விமான நிலையம் இருந்தது.

அட்ராக்டா அதற்குள் தேர்தல் அதிகாரியின் மேசையில் முழங்கையை ஊன்றியிருந்தாள்.

"மறுபடி எண்ணணும்."

"கடைசிச் சுற்றை எண்ணுவோம்மா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு."

"கடைசிச் சுற்று வேணாம். ஹெஷனோட கட்டைத் திறங்க. முதல் சுற்றுக் கட்டை."

கென்னத் ஹெஷன் ஞாயிற்றுக்கிழமையே சிரமமில்லாமல் ஜெயித்துவிட்டவர். வெளியேறியவர்களின் கட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பிரிந்து, ஒவ்வொரு சீட்டும் கண்ணில் பட்டுவிட்டது. ஹெஷனின் முதல் கட்டுகளை மட்டும் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ரப்பர் வளையம் போட்டபடி அப்படியே கிடந்தன.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயிச்சவர் கட்டை நான் எதுக்குத் திறக்கணும்? உங்க பென்சில் கணக்கு அரசாங்கக் காகிதம் இல்லியே."

"என் தாளைவிட அவருக்குத்தான் அஞ்சு கூட. தொலைஞ்ச அஞ்சு ஓட்டு வேற எங்கயும் இருக்க வழியில்ல."

"பென்சில் தப்பா விழுந்திருக்கலாம்."

அட்ராக்டாவின் முகம் சிவந்தது. சோர்கா அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, போதும். வாங்க."

அப்போது கையில் பாதி தின்ற சாண்ட்விச்சோடு இக்னேஷியஸ் மேசையருகே வந்தான்.

"அதுல பாதிப் பெட்டி நான் வாசிச்சது சார். அவ வெறும் கோடுதான் போட்டா. தப்புன்னா என் கண்ணும் தப்பு. முப்பது வருஷத்துல என் கண்ணு கூடுதலாப் பார்த்ததில்ல."

அவனுக்குப் பின்னால் டார்பியின் குரல் வெடித்தது. "இக்னேஷியஸ்! நீ யாரு ஆளுடா?"

"உன் ஆளுதான் கோல்மன். ஓட்டும் உனக்குத்தான் போட்டேன். கணக்கு கணக்குதான்." மீதிச் சாண்ட்விச்சை வாயில் போட்டுக்கொண்டான். அதற்குமேல் அவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியவில்லை.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

ஐம்பது சீட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மண்டபம் முழுக்கத் தடுப்பை நெருக்கிக்கொண்டு நின்றது. முதல் கட்டு, எல்லாம் ஹெஷன். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஹெஷன். ஒன்பதாவது கட்டை விரித்த ஊழியப் பெண் பாதியில் நிறுத்தினாள். மேலே ஹெஷன், கீழே ஹெஷன், நடுவில் ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. எட்டிப் பார்த்த அட்ராக்டாவின் பென்சில் காற்றில் கோடு போட்டது. நான்கு நிமிர்ந்தன. உதடு பிதுங்கியது.

"ஃபீஹிலி!" என்று கத்தியது இக்னேஷியஸ்தான்.

இரண்டு ஓட்டு வித்தியாசம்! சோர்காவைத் தூக்கினார்கள். மேலே இருந்து பார்த்தால் தலைகள், தலைகள், அவற்றுக்கு நடுவில் ஊதா நிற மேல்கோட்டில் அட்ராக்டா மூக்கைச் சீந்திக்கொண்டிருந்தாள். டோனாக் விசாக் காகிதத்தை என்ன செய்வது என்று பிள்ளைகளைக் கேட்டான். படகு செய்யலாம் என்றாள் சின்னவள். டார்பி வந்து கைகொடுத்தார். இக்னேஷியஸிடம் மட்டும் அவர் கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை.

"அக்கா, உங்க ஓட்டு இல்லன்னா நான் இன்னைக்கு—" என்று சோர்கா ஆரம்பித்தாள்.

"பேசாம இரு பொண்ணே, போட்டோ எடுக்கறான்" என்று அட்ராக்டா அவளைத் திருப்பிவிட்டாள்.

வாக்களித்தவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்த வாக்காளர் பட்டியல் இலையுதிர்காலத்தில்தான் கைக்கு வந்தது. அடுத்த தேர்தலுக்கு யார் கதவைத் தட்டலாம் என்று சோர்கா பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனாள். லாவின், அட்ராக்டா என்ற பெயர் அடிக்கப்படவில்லை. ஊழியரின் கவனக்குறைவு என்றுதான் நினைத்தாள். இக்னேஷியஸ்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: வாக்குப்பதிவு நாளில் காலையிலிருந்து மினிபஸ்ஸில் வயசானவர்களை ஏற்றி ஏற்றி வாக்குச்சாவடியில் இறக்கியவள், கடைசியாக மலையடிவாரத்திலிருந்து அவனுடைய அக்காவைக் கொண்டுபோய் விட்டாள். அந்த அம்மாள் டார்பிக்குத்தான் போடுவாள் என்பது ஊருக்கே தெரியும். அங்கிருந்து அட்ராக்டா தன் சொந்தச் சாவடிக்கு வந்து சேர்ந்தபோது இரவு மணி பத்து அடித்து நாலு நிமிஷம். பத்துக்கே கதவைச் சாத்தியிருந்தார்கள்.