ஆடியில் பால் காய்ச்சக் கூடாது

ஆடி மாசம்னா மத்தவங்களுக்குக் கூழும் துணிக்கடைத் தள்ளுபடியும் ஞாபகம் வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நானும் எங்கம்மாவும் தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவங்க. நான் பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர். இருந்த லைன் வீட்டை இடிச்சுக் குடோன் கட்டப் போறோம், ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணுன்னுட்டாங்க. அவிநாசி ரோட்டுப் பக்கம் வேற வீடு பேசித்தான் வெச்சிருந்தேன். கம்பெனில அவசர ஆர்டர், லீவு தரல. மூட்டை முடிச்சோட போய் நிக்கையில ஆடி பொறந்துடுச்சு.

புது வீட்டுக்காரம்மா கோபப்படவே இல்ல. "ஆடில பால் காய்ச்சிக் குடி வரக் கூடாதுங்க கண்ணு. ஆவணி பொறக்கட்டும், ஊடு உங்களுக்குத்தான்"னு சிரிச்ச முகமாச் சொன்னாங்க. வீடு உள்ள காலியாக் கிடக்குது, சாவி அவங்க இடுப்புல. மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சலில்ல, மண்ணாங்கட்டி!

போன இடத்துல எல்லாம் இதே பாட்டு. கம்பெனி ஹாஸ்டல்ல எனக்கு மட்டும் இடம் உண்டுன்னாங்க. பெத்தவளை எங்க விட்டுட்டுப் போக? சாமானைக் கம்பெனி குடோன் மூலைல போட்டுட்டு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பனியன் வெட்டி மிஞ்சின வேஸ்ட் துணி மூட்டைதான் தலையணை. ஆடிக் காத்து புழுதிய வாரி மூஞ்சில அடிக்கும்.

அம்மாவுக்குத் தரைல படுக்கறது பெருசில்ல. கக்கூஸ்தான் பெரும்பாடு. அங்க இருந்த கழிப்பறைக் கதவுல தாழ்ப்பாள் கிடையாது. நான் இருந்தா வெளிய நின்னு பிடிச்சுக்குவேன். ஷிப்டுக்குப் போயிட்டா? "தண்ணி குடிச்சாத்தானட்டி போகணும்"னு தண்ணியவே நிறுத்திட்டா. திட்டினேன், கெஞ்சினேன், கேக்கல. ஆவணி வரைக்கும் இவ தாங்கணுமே, தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவுக்குள்ள இவளைக் கொண்டு போய்ச் சேத்துடணுமேன்னு அதே நினைப்புத்தான் எனக்கு. மெஷின்ல உக்காந்தாலும் அதுதான்.

தாங்கல. குளிர் காய்ச்சல் வந்துச்சு. சிறுநீர்ல கிருமி சேந்து ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில. ஆடி முடியறதுக்கு முன்ன போயிட்டா. பொணத்தை ஏத்தின வண்டி டிரைவர், "ஊடு எங்கீங்க?"ன்னு கேட்டார். நேரா மயானத்துக்கே விடச் சொன்னேன்.

ஆவணி மொத நாளே புது வீட்டுக்குப் போய் நின்னேன். சாவுத் தீட்டுன்னு தெரிஞ்சா இன்னும் தள்ளிப் போடுவாங்க, அதனால வாயைத் திறக்கல. "அம்மா எங்கீங்க கண்ணு?"ன்னு கேட்டாங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னேன். அவங்களே பால் கொண்டாந்தாங்க. பொங்கினதும், "நல்லா இருங்க சாமி"ன்னு நெத்தில குங்குமம் வெச்சுட்டுப் போனாங்க. நல்ல மனுஷிதான். அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது. குழாயைத் திருகினா தண்ணி வருது. பாத்ரூம் கதவுல கெட்டியா ஒரு தாழ்ப்பாள். போட்டுப் பாத்தேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். கடவுளேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன், நெசமாத்தான். கும்பிட்ட கையை இறக்கறதுக்குள்ள அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சத்தமா அழுதா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குமே. குழாயை முழுசாத் திறந்து விட்டு, அந்த இரைச்சல்ல "எம்மா, எம்மா"ன்னு கதறினேன்.

வாசல்ல இருந்து வீட்டுக்காரம்மா குரல் குடுத்தாங்க. "தண்ணியப் பாத்துச் செலவு பண்ணுங்க கண்ணு."

"சரிங்கக்கா"ன்னேன். குழாயை மூடிட்டு, சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு மீதிய அழுதேன்.