காரணம் என்ற கட்டத்தில் நோய்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வருமானம் நின்ற பிறகுதான் வரி என்று ஒன்று இருப்பதே தெரியவருகிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வேலையை விட்டவர்கள் பி.எப். பணத்தை எடுக்க இங்கே வருவார்கள். எடுத்த பணத்தில் வரி பிடித்துவிட்டார்கள் என்று கத்துவதற்கும் இங்கேதான் வருவார்கள். மாதச் சம்பளத்தில் பிழைக்கிறவரென்றால் நீங்களும் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். இதுவரை இல்லையென்றால் சீக்கிரமே உட்காருவீர்கள், அவசரமில்லை.

ஒரு மாதம் குறைவு

ஐந்து வருஷம் வேலை பார்த்து முடிப்பதற்குள் பி.எப். பணத்தை மொத்தமாக எடுத்தால், அதை அந்த வருஷத்து வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். இது யாருக்கும் எடுக்கும்போது தெரியாது. பைப் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். நாலு வருஷம் பதினோரு மாதம் வேலை பார்த்திருக்கிறார். மேனேஜரோடு சண்டை, வேலையை விட்டாயிற்று, இரண்டு மாதம் ஆனதுமே மனு போட்டுப் பணத்தையும் எடுத்தாயிற்று. "ஒரே ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா ஒரு பைசா வரி கிடையாதே" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் கட்ட வேண்டிய தொகையை எட்டிப் பார்த்தார். முகத்தில் வருத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் சந்தோஷமாக வரி கட்டியவர் அவர் ஒருத்தர்தான். "அண்ணாச்சி, அவன் மூஞ்சிய இன்னொரு மாசம் பாக்கதுக்கு இது சல்லிசு."

நட்சத்திரக் குறி போட்ட கட்டம்

வேலையில் இருக்கும்போதே பி.எப்.பிலிருந்து கொஞ்சம் முன்பணம் எடுக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும்; அந்தக் கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கும், நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நான் சொல்லும் சமயத்தில், கல்யாணம் என்றால் ஏழு வருஷம் ஆகியிருக்க வேண்டும், வீடு என்றால் ஐந்து வருஷம். நோய்க்கு மட்டும் வருஷக் கணக்கு கிடையாது, தாள் எதுவும் கேட்பதில்லை. அதனால் தண்ணீருக்குப் போர் போட வந்தவருக்கும் நோய், வீட்டுக்குத் தளம் போட வந்தவருக்கும் நோய் என்றுதான் நான் போடுவேன். என் கம்ப்யூட்டரை நம்பினால் இந்தக் கரிசல் காட்டில் ஆரோக்கியமாக ஒருத்தரும் இல்லை.

அப்படித்தான் கருப்பசாமிக்கும் போட்டேன். நாகலாபுரத்துப் பையன், முப்பது வயசுக்குள் இருக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைக் கம்பெனியில் டெக்னீஷியன். தினமும் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, மேலே ரிப்பேர் பார்த்துவிட்டு இறங்கும் வேலை. தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்று வந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நான் காரணத்தில் நோய் என்று அமுக்கியதைப் பார்த்து அவன் முகம் சுருங்கியது. அவனுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நான் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். "நல்ல காரியத்துக்கு முந்தி நோயின்னு எழுதுதீங்களே அண்ணாச்சி, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

விருப்ப ராஜினாமா

இரண்டு வருஷம் கழித்து அதே கருப்பசாமி இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்கார முடியவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது, இனி ஏணி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லி, ஒரு ராஜினாமாத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் எட்டு மாதம். மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ள பி.எப். முழுவதையும் எடுத்திருக்கிறான். அதில் பத்து சதவீதம் வரியாகப் போய்விட்டது. சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் மேற்கொண்டும் கட்ட வேண்டும். பிடித்த பணம் திரும்பி வந்தால்தான் ஆபரேஷன் செலவுக்குக் காணும்.

எனக்கோ சந்தோஷம். உடம்பு முடியாமல் வேலையை விட்டவனுக்கு ஐந்து வருஷக் கணக்கு கிடையாது, அந்தப் பணத்துக்கு வரியே இல்லை. இந்தச் சட்டத்தில் மனுஷத்தனமாக எழுதியிருக்கிற ஒரு வரி அதுதான். அப்படியே காட்டி, பிடித்ததைத் திருப்பித் தரும்படி தாக்கல் செய்தேன். ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இவன் நோயால்தான் வேலையை விட்டான் என்று கம்பெனி நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு பேரும் போனோம். மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார். லெட்டர் மட்டும் கொடுக்கவில்லை. "உடம்பு சரியில்லன்னு நான் எழுதிக் குடுத்தா, ஏணியில ஏறித்தான் இடுப்பு போச்சுன்னு நாளைக்கு நஷ்டஈட்டுக்கு வருவாவ, ராஜினாமான்னே இருக்கட்டும் அண்ணாச்சி, பாக்கதுக்கும் கௌரவமா இருக்கு."

நானே கொடுத்த சாட்சி

லெட்டர் இல்லாவிட்டால் என்ன என்று ஸ்கேன், டாக்டர் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்தேன். கட்டு கனமாக இருந்தால் ஒரு மரியாதை உண்டு என்பது என் நினைப்பு. அதனால் யாரும் கேட்காத பி.எப். பாஸ்புக்கையும் பிரிண்ட் எடுத்து அடியில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வரி ஆபீசில் அதிகாரி கெட்டவர் இல்லை. நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து உட்காரச் சொன்னார். ஒவ்வொரு தாளாகப் பொறுமையாகப் பார்த்தார். கடைசித் தாளில் விரல் நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முன்பணம், காரணம் நோய். அதற்குக் கீழே மாதம் தவறாமல் பி.எப். பிடித்தம். "அப்ப என்ன நோய்?" என்று கேட்டார். கல்யாணம் என்றால் பொய்க் காரணம் சொல்லிப் பணம் எடுத்ததாக ஆகும். நோய் என்றால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஏணி ஏறியது எப்படி என்று வரும். அவர் கட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அந்த நோயோட ரெண்டு வருஷம் லீவு போடாம வேலை பார்த்தவர், இப்ப மட்டும் நோயால வேலை போச்சுன்னா நான் எப்படிங்க எழுதறது?"

வெளியே வந்து, "அதை அமுக்குனது நான்தான்பா" என்றேன். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்று அவன் தங்கையிடம் போனில் சொல்வது மட்டும் காதில் விழுந்தது. பஸ்ஸில் இடம் இருந்தது, ஆனால் அவனால் உட்கார முடியாதே. கோவில்பட்டி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான், நானும் கூடவே நின்றேன். இறங்கும்போது என் பக்கம் திரும்பினான். "இல்லாத நோய எழுதுனப்ப கேள்வியே இல்லாம பணம் வந்துச்சு, இன்னொரு இல்லாத நோய் இருந்தா எழுதிப் பாருங்க அண்ணாச்சி."

இத்தனை வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த நோய்களில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். அது ஒன்றுக்குத்தான் ஆதாரம் கேட்டார்கள்.