டிக்கெட் எடுக்காமல் ஏறிய எண்ணூற்று ஐம்பத்தொன்பது பேர்

தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகிற வழியில், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, யாத்விகா நாலாயிரம் பேரை எண்ணி முடித்துவிட்டாள். நாலாயிரம் என்பதில் என் கைச்சரக்கும் கொஞ்சம் உண்டு. நானூறு என்று திருத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்க எனக்கு மனம் வராது. பெட்டியைக் குழிக்குள் விடும்போது அவள் என் காதருகே வந்து, "நாப்பத்தாறு" என்றாள். "பாதிரியாரையும் சேத்து. செத்தவரச் சேக்கல. அவரு எறங்கிட்டாரு."

நாலாம் எண் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவள். குள்ளம். அடுப்படியில் நிற்கும்போதுகூட இடது இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, இல்லாத கம்பியில் சாய்ந்துகொண்டு நிற்பாள். ஒரு தலையைக் கண்டால் அவளது மோவாய் இம்மியளவு இறங்கி ஏறும். கல்யாண வீடு, பல் மருத்துவர் வீட்டு வராந்தா, ரொட்டிக்கடை வரிசை, எங்கே போனாலும் மோவாய் வேலை செய்துகொண்டே இருக்கும். "எண்ணாம இருந்தா உள்ளங்கை அரிக்குது" என்பாள்.

இவளை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் ஒரு நல்ல கதை சொல்ல முடியாது. பனி கொட்டிய ஒரு குளிர்காலத்தில் நாலாம் எண் பேருந்தில் ஓநாய் ஒன்று ஏறி, சந்தை நிறுத்தத்தில் இறங்கிப் போனதை நான் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்கிறார்கள். "நாயி," என்றாள் யாத்விகா, உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே. "சந்தையில எறங்கல. டெப்போ வரைக்கும் வந்துச்சு."

பேருந்துகளில் டிக்கெட் இயந்திரம் வந்தபோது பழைய சுருள்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள். யாத்விகா ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெளிர்பச்சை நிறம், ஒவ்வொரு சீட்டிலும் ஆறு இலக்கம். எங்கள் பக்கத்தில் டிக்கெட் வாங்கினால் முதல் மூன்று இலக்கத்தைக் கூட்டுவோம், பின் மூன்றைக் கூட்டுவோம். இரண்டும் சமமாக வந்தால் அதிர்ஷ்டச் சீட்டு. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே மென்று விழுங்கிவிட வேண்டும். மந்திரிகூட விழுங்குவார், அவர் பேருந்தில் போனால்.

போன தேர்தலுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம் வில்னியூசில் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். வாக்குச்சாவடியை எப்படிக் கண்காணிப்பது என்று. யாத்விகா போனதற்குக் காரணம் மக்களாட்சி என்று எழுத எனக்கு ஆசைதான். "ஓட்டல்ல காலைச் சாப்பாடு உண்டுன்னாங்க" என்பது அவள் சொன்னது. பாடம் நடத்தியவள் ஐலி என்ற பின்லாந்துக்காரி. சொந்த ஊரில் நூலகத்தில் வேலை. எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் குனிகிற உயரம். எங்கள் மொழியை, உறைந்த ஏரிமேல் நடப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கால்வைத்துப் பார்த்துப் பேசுவாள். இரண்டு நாளும் அவள் சொன்னது ஒன்றைத்தான்: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்; கேட்டதை எழுதாதீர்கள்; நினைத்ததை எழுதவே எழுதாதீர்கள். அந்தச் சட்டத்தின்படி வாழ்ந்தால் நான் ஒரு வாரத்தில் ஊமையாகிவிடுவேன். யாத்விகாவுக்கோ பரம சந்தோஷம். "முப்பத்தோரு வருசமா நாஞ் செஞ்சதுக்கு இப்பத்தான் பேரு வெச்சிருக்காங்க."

திரும்பி வரும்போது கழுத்தில் ஓர் அட்டை, கையில் அமுக்கினால் 'டிக்' என்று எண் ஏறுகிற ஒரு சின்னக் கருவி, மீன்பிடிப்பவர்கள் உட்காருகிற மடக்கு முக்காலி. அந்த வாரமே தொலைக்காட்சியில், அந்நியக் காசுக்கு விலைபோனவர்களைப் பற்றி ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். மாடிப்படியில் அண்டை வீட்டார் மறித்தார்கள்.

"என்னக்கா, வெளிநாட்டுக்காரங்க என்ன குடுத்தாங்க? காரா, வீடா?"

"முக்காலி. ஒரு காலு ஆடுது."

எங்கள் ஊரில் வாக்குச்சாவடி என்றால் பள்ளிக்கூடம். தேர்தல் அதிகாரிகள் என்றால் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். அவர்களுக்குத் தலைவி தலைமையாசிரியை. இந்தத் தலைமையாசிரியை தமாரா, கணக்கு டீச்சர், அதே மாடியில் யாத்விகாவின் எதிர்வீடு. யாத்விகாவின் மகன் வாலிக்குக்கு ஞானத்தாய். அந்த உறவைச் சொல்லி இருவரும் ஒருவரையொருவர் "கூமா" என்றுதான் அழைப்பார்கள். இருபத்துநாலு வருடமாக இவள் வீட்டுச் சாவி அவள் மிதியடிக்குக் கீழே, அவள் வீட்டுச் சாவி இவள் மிதியடிக்குக் கீழே.

முன்கூட்டியே வாக்களிக்க ஐந்து நாள், செவ்வாய் முதல் சனி வரை. முதல் நாள் காலை யாத்விகா அட்டையை மாட்டிக்கொண்டு போனாள். உள்ளே இடமில்லை என்றார்கள். ஐந்நூறு பிள்ளைகள் உடற்பயிற்சி செய்கிற கூடத்தில், யாத்விகாவுக்கும் ஒரு முக்காலிக்கும் இடமில்லை. அவள் பள்ளிவாசலுக்கு எதிரே கஷ்கொட்டை மரத்தடியில் முக்காலியை விரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் காவலர் வீத்தலி வந்தான். சிறுவயதில் அவளுடைய பேருந்தில் பள்ளிக்குப் போனவன்.

"யாத்விகா அத்த, கையில என்ன கருவி?"

"எண்ற கருவி."

"என்னத்த எண்ற கருவி?"

"இப்ப ஒன்ன எண்ணுச்சு. நீ ஓட்டுப் போட்டுட்டியா, இல்ல சும்மா நிக்கிறியா?"

கருவியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதுவரை பத்தொன்பது பேர். யாத்விகா வீட்டுக்கு ஏறிப்போய்ச் சுருளைக் கொண்டுவந்தாள். பத்தொன்பது சீட்டைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு வெளியே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தினாள்.

"ஓட்டா, பன்னா?"

அது நியாயமான கேள்வி. எங்கள் சாவடிகளில் பன்னும் பியரும் மலிவாக விற்பார்கள். பாதிப்பேர் அதற்காகவே வருவார்கள். பன் என்றால் போகலாம். ஓட்டு என்றால் ஒரு சீட்டு. முதல் சீட்டின் எண் 729001. ஆகவே அவள் எண்ண வேண்டிய வேலையே இல்லை, சுருளே எண்ணியது. சீட்டைப் பிடுங்கச் சட்டம் இருக்கிறதா என்று வீத்தலி தொலைபேசியில் யாரையோ கேட்டான். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஐலி வந்தாள். உள்ளே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மேசையிலிருந்து பத்தடி தூரத்தில், அதிகாரிகளின் முதுகைப் பார்த்தபடி. பார்க்க முடிந்த அளவுக்கு முதுகுகளைப் பார்த்துவிட்டு மரத்தடிக்கு வந்தாள். நான் வாக்களித்துவிட்டு வந்து சீட்டு வாங்கினேன். 729198. ஏழும் இரண்டும் ஒன்பதும் பதினெட்டு. ஒன்றும் ஒன்பதும் எட்டும் பதினெட்டு. வாயில் போட்டுக்கொண்டேன். ஐலி வெளிறிப்போனாள்.

"அம்மா! அது... ஆவணம்!"

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றேன்.

மொத்தம் நாலு பேர் அந்த ஐந்து நாளில் ஆவணத்தைத் தின்றோம். யாத்விகா ஒவ்வொருவரின் எண்ணையும் சொன்னாள். ஐலி குறிப்பேட்டைத் திறந்து, புன்னகைகூட இல்லாமல், நாலு சீட்டுகள் வாக்காளர்களால் உண்ணப்பட்டன என்று எழுதிக்கொண்டாள். கண்ணால் பார்த்தது ஒன்று, மற்ற மூன்றும் கேள்விப்பட்டது என்று பக்கத்தில் குறித்தும் வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஐந்து நாளில் வாக்களித்தவர்கள் 1,146. கீழே தமாராவின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துக் குண்டுகுண்டான எழுத்தில். யாத்விகாவின் சுருளில் கடைசியாகக் கிழித்தது 729287. அவள் தாளை மூக்கு உரசப் படித்தாள். பிறகு திரும்பி, முப்பத்தொரு வருடம் பின்படி வரைக்கும் கேட்ட அந்தக் குரலில் அறிவித்தாள்:

"எண்ணூத்தி அம்பத்தொம்பது பேரு டிக்கெட் எடுக்காம ஏறியிருக்காங்க!"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் குற்றம். அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டியதாக அடுத்த வாரம் வழக்கு வந்தது. சாட்சி சொல்லத் தமாராவை அழைத்திருந்தார்கள்.

"வாக்களிப்பு நடந்த ஐந்து நாளில் எதிரே மரத்தடியில் யாராவது உட்கார்ந்து எண்ணியதைப் பார்த்தீர்களா?"

"இல்லை. யாரையும் பார்க்கவில்லை."

கூண்டிலிருந்த யாத்விகாவின் மோவாய் ஒருமுறை இறங்கி ஏறியது. தமாராவை எண்ணிக்கொண்டாள், அவ்வளவுதான். பத்து நாள் சிறை. வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நாலு பேரு அறை. பதினோரு பேரு. யாரும் எறங்கவே இல்ல."

நான் ஊர் முழுக்கத் தமாராவைக் கிழித்துத் தொங்கவிட்டேன். கையெழுத்துப் போட அவளுக்குப் புது வீடு கிடைத்தது என்றேன். இல்லாத அந்த வீட்டுக்குப் பளிங்குப் படிகூட வைத்தேன். யாத்விகா தடுத்தாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஒன்னத் தெரியாதுன்னாளே, அது போதாதா?"

"தெரியாதுன்னு சொல்லல. பாக்கலன்னுதான் சொன்னா. சன்னலுக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருப்பா. சும்மா இருடி."

அப்படிச் சொன்னாளே தவிர, எதிர்வீட்டு மிதியடிக்குக் கீழிருந்த தன் சாவியை எடுத்துக்கொண்டாள். அதன்பின் ஏழு மாதம், ஒரு கதவு திறந்தால் மற்றது திறக்காது. படியில் காலடிச் சத்தம் அடங்கும்வரை இவள் காத்திருப்பாள். இன்னொரு நாள் அவள் காத்திருப்பாள்.

ஐலியின் ஆட்கள் வெளியிட்ட அறிக்கையில், முப்பத்தோராம் பக்கத்தின் அடியில், யாத்விகாவுக்கு மூன்று வரி கிடைத்தது. பேருந்துச் சீட்டு 287. அதை அடுத்து: 'சாவடிக்குள் இருந்த எவரும் இதை உறுதிப்படுத்தவில்லை.' அரசாங்கம் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துத் தொலைக்காட்சியில் வாசித்தது. போன வாரம் ஐலியிடமிருந்து கடிதம், ஜெர்மன் மொழியில். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மொழி என்பதால் நான்தான் படித்துச் சொன்னேன். உள்ளே இருந்த அதிகாரிகளில் ஒருவர், பெயர் சொல்லாமலாவது, அந்த எண் சரி என்று சொன்னால் அந்த வரியை அடித்துவிடுவார்களாம்.

"நானே உள்ள இருந்தவதான்னு எழுதிடறேன்," என்றேன். "ஓட்டுப் போடப் போனேன்ல?"

"க்ரீம் பன்னுகிட்ட நின்ன. வேற என்னத்தப் பாத்த?"

"சரி, எரநூத்தி அம்பதுன்னு போடறேன். கேக்க நல்லாருக்கும்."

"போடி."

இன்று வாலிக்கின் பிறந்தநாள். அவன் வில்னியூசில் வேலையில் இருக்கிறான். சாயங்காலம் தொலைபேசியில் வருவான். இந்த நாளில் ஞானத்தாய் தேன் கேக் கொண்டுவருவது வழக்கம். யாத்விகா மேசையில் மூன்று தட்டு வைத்திருக்கிறாள். எண்ணத் தெரிந்தவள், நான் ஒன்றும் கேட்கவில்லை. இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டுகிறேன். முக்காலியில் ஆடுவது இரண்டு கால் என்று ஏற்கெனவே திருத்தியிருக்கிறாள். கதவு சும்மா சாத்தியிருக்கிறது. "கடைசியாகக் கிழித்தது 729287" என்று நான் படிக்கும்போது அது திறக்கிறது.

"எரநூத்தி எம்பத்தெட்டு," என்கிறது ஒரு குரல்.

வீட்டுச் செருப்போடு தமாரா. கையில் கேக்.

யாத்விகா தலையைத் திருப்பவில்லை. "ஏழு. சுருள்ல இருக்கு."

"பள்ளிக்கூடச் சமையக்கட்டு வாசல் ஒன் மரத்துலேர்ந்து தெரியாது, கூமா. வியாழக்கெழம பாய்லர் பாக்கறவரு அந்த வழியா வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போனாரு. மத்தது எல்லாஞ் சரி." மூச்சை இழுத்துக்கொள்கிறாள். "நானும் எண்ணினேன். சன்னல்ல நின்னு. அஞ்சு நாளும் ஒன்னத்தான் பாத்துட்டு நின்னேன்."

கெட்டிலின் மூடி ஆடுகிறது.

"இத எழுதலாமா?" என்று கேட்கிறேன். "ஐலிக்கும்?"

"எழுதுங்க லூத்சியாக்கா. பேர மாத்திக்குங்க. எண்ண மாத்திடாதீங்க."

யாத்விகா அலமாரியைத் திறக்கிறாள். இடுப்பு ஒரு பக்கம் தள்ளுகிறது.

"படியில நிக்காத. உள்ள வா, உள்ள வா."

சுருளிலிருந்து அடுத்த சீட்டைக் கிழித்து நீட்டுகிறாள். 729288. கணக்கு டீச்சரின் உதடுகள் அசைகின்றன: பதினெட்டு, பதினெட்டு. அவள் வாயில் போட்டுக்கொள்வாள் என்று நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம். தமாரா கேக்கை மேசையில் வைக்கிறாள். சீட்டை அங்கே கிடந்த ஐலியின் கடிதத்தின்மேல் வைத்துக் கட்டைவிரலால் நீவுகிறாள். காற்றில் பறக்காமல் இருக்கச் சர்க்கரைக் கிண்ணத்தை அதன்மேல் நகர்த்துகிறாள்.